சத்தியம் செய்ய மாட்டேன்

ஜூன் 3

அன்புள்ள குட்டியின் அம்மாவுக்கு,

இங்கே நலம். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் உன் வேலை நிரந்தரமாகிவிட்டது, மாடியில் தனி அறை எடுத்திருக்கிறாய், குடியை விட்டவர்கள் கூடும் கூட்டத்துக்குத் தவறாமல் போகிறாய் என்று எழுதியிருந்தாய். சந்தோஷம். என் மூக்குக்கண்ணாடிக் கடைதான் ஈயாடுகிறது. ஊரில் எல்லோருக்கும் திடீரென்று பார்வை தெளிந்துவிட்டது போலிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமைகளில் குட்டியை உன்னிடம் அனுப்பச் சொல்கிறாய். எனக்கு மறுப்பில்லை. என் அக்காதான் ஒரேயடியாக முடியாது என்கிறாள். நீ போன பிறகு பிள்ளையைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கு அனுப்புகிறவள் அவள். அவள் பேச்சைத் தட்ட முடியவில்லை. ஒரு தடவை வந்து, எங்கள் முன்னால் குட்டி தலையில் கை வைத்து, ஆயுசுக்கும் தொட மாட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டுப் போ. ஐந்து நிமிஷ வேலை.

உன் நலம் நாடும்,
குட்டியின் அப்பா

ஜூன் 8

அன்புள்ள உங்களுக்கு,

கடிதம் கிடைத்தது. கடையைப் பற்றி எழுதியதைப் படித்துச் சிரித்தேன். அதற்குக் கீழே படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது.

சத்தியம் செய்ய மாட்டேன்.

அந்தத் தலையில் ஏற்கெனவே கை வைத்தவள்தான் நான். நீங்களும் உங்கள் அக்காவும் பார்த்துக்கொண்டு நின்றீர்கள். அன்றைக்கே குடித்தேன். மறுவாரம் குட்டிக்குக் காய்ச்சல். நெற்றியில் ஈரத்துணி போட்டபோது கண்ணைத் திறந்து, "அம்மா, நீ குடிச்சியா? அதனாலதான் எனக்குக் காய்ச்சலா?" என்று கேட்டாள். நீங்கள் கடையில் இருந்தீர்கள். பிறகு உங்களிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நான் குடித்தால் தன் உயிர் போய்விடும் என்று நம்பிக்கொண்டு ஆறு வயதுப் பிள்ளை படுத்திருந்தது. அந்தப் பயத்தைக் கொடுத்தது என் குடி மட்டுமல்ல, நாம் மூன்று பேரும் சேர்ந்து நடத்திய சத்தியமும்தான்.

இப்போது என்ன செய்கிறேன், கேளுங்கள். காலையில் வேலைக்குக் கிளம்புமுன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "என்னால முடியல. இன்னைக்கு ஒரு நாள் நீ பாத்துக்கோ" என்று வாய்விட்டுச் சொல்கிறேன். யாரிடம் என்றால் எனக்கும் தெரியாது. சாமி படம் இல்லை, பெயர் இல்லை. கீழ் வீட்டுக்காரி நான் போனில் யாரையோ அதிகாரம் பண்ணுகிறேன் என்று நினைத்திருந்தாள். கூட்டத்துக்கு வரும் பஸ் டிரைவர் அண்ணன், "கேக்குறது யாருன்னு அப்புறம் பாத்துக்கலாம், சொல்றது நெஜமா இருக்கட்டும்" என்றார். அதைப் பிடித்துக்கொண்டேன். பொய்யில்தான் என் குடி வளர்ந்தது. அதனால் அன்றைய பொழுது பொய் சொல்லாமல் கழிய வேண்டும். ஆயுசுக்கும் தொட மாட்டேன் என்று சொன்னால் அது பொய். நாளைக்கு நான் எப்படி இருப்பேன் என்று எனக்குத் தெரியாது.

பிள்ளையை அனுப்புங்கள். சத்தியம் கேட்காதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் பிடிவாதக்காரி

ஜூன் 14

பிடிவாதக்காரிக்கு,

காய்ச்சல் விஷயம் எனக்குத் தெரியாது. குட்டியிடம் இன்னும் கேட்கவில்லை.

கடிதத்தை அக்காவிடம் காட்டினேன். சத்தியம் செய்ய மாட்டேன் என்றால் குடிப்பேன் என்றுதானே அர்த்தம் என்கிறாள். நாளைக்குத் தெரியாது என்கிறவளை நம்பிப் பிள்ளையை எப்படி விடுவது? ஒப்புக்காவது சொல்லிவிட்டுப் போயேன். வார்த்தைதானே.

குட்டியின் அப்பா

ஜூன் 17

குட்டியின் அப்பாவுக்கு,

வார்த்தைதானே என்றுதான் நானும் இத்தனை வருஷம் இருந்தேன். அது என்னை எங்கே கொண்டுபோய்விட்டது என்று பார்த்தீர்கள்.

குழந்தைகள் வார்டிலிருந்து சின்னப் போர்வைகள் வந்தால் குட்டி நினைப்பில் மடிக்கக் கை ஓடுவதில்லை. நேற்று, சொல்லித் தொலைத்துவிடலாம் என்று செருப்பைக்கூட மாட்டிவிட்டேன். கழற்றிப் போட்டேன். பிள்ளை வேண்டும் என்பதற்காகப் பிள்ளை தலையிலேயே பொய்யை வைக்க மாட்டேன். உங்கள் அக்கா என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும்.

கூட்டி வருகிற அன்று நான் குடித்திருந்தால் வாசலிலேயே சொல்வேன். அப்படியே திருப்பிக் கூட்டிப் போங்கள். என்னிடம் இருப்பது இவ்வளவுதான். இது போதாது என்றால் பதில் வேண்டாம். பிள்ளைக்காகக் காத்திருப்பேன், ஆனால் அந்தச் சத்தியத்துக்கு வர மாட்டேன்.

குட்டியின் அம்மா

ஜூன் 29

அன்புள்ள உனக்கு,

தாமதத்துக்குக் கோபிக்காதே. வீட்டில் பெரிய சண்டை. அக்கா என்னோடு பேசுவதில்லை. தட்டை மட்டும் டங்கென்று வைக்கிறாள்.

உன் சாமி எனக்குப் புரியவில்லை. ஒரு நாள், ஒரு நாள் என்கிறாயே, அதுவும் புரியவில்லை. ஆனால் குட்டியிடம் அந்தக் காய்ச்சலைப் பற்றிக் கேட்டேன். மறந்திருப்பாள் என்று நினைத்தேன். "இப்பவும் தலை வலிச்சா, அம்மா குடிச்சிட்டாங்களோன்னு பயமா இருக்கும்" என்றாள். தலைவலி என்று அவளைக் கடைக்குக் கூட்டிப் போய் இரண்டு தடவை கண் பரிசோதித்தவன் நான்.

இந்த வீட்டில் இனி யாரும் அவள் தலையில் கை வைத்து எதுவும் சொல்லக் கூடாது என்று அக்காவிடம் கறாராகச் சொல்லிவிட்டேன். சண்டை அதற்குத்தான்.

ஞாயிறு காலை கூட்டி வருகிறேன். அம்மாவிடம் போகலாமா என்று கேட்டபோது, "சத்தியம் பண்ணச் சொல்ல மாட்டீங்கல்ல?" என்றாள். மாட்டேன் என்றேன்.

"அப்ப அம்மாவத் தலை பின்னிவிடச் சொல்லலாம்" என்று சீப்பை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

குட்டியின் அப்பா