சோசம்மா சேச்சி பெயருக்கு நேரே

நவம்பர் 4, செவ்வாய்

மீட்டிங்கில் ஜயதேவன் சார் என் கடிதத்தை எல்லார் முன்னாலும் உரக்கப் படித்தார். "அன்புள்ள வாடிக்கையாளரே, எங்கள் மீன் மசாலா..." அங்கேயே நிறுத்தி, "ஷைனி, இது என்ன கரண்டு பில்லா?" என்றார். சிரித்தார்கள். காக்கநாட்டில் இந்த மசாலாக் கம்பெனிக்கு வந்து ஐந்து வருஷம். வாராவாரம் நாலாயிரத்துச் சொச்சம் பேருக்கு மின்னஞ்சலில் கடிதம் எழுதுவது நான்தான். நூற்றுக்கு ஒன்பது பேர் திறக்கிறார்கள். கிறிஸ்துமஸுக்குள் முப்பது ஆகாவிட்டால் "இந்த சீட்டே எதுக்கு?" என்றார். சீட் என்றால் நான்.

நவம்பர் 6

வழி கிடைத்துவிட்டது. ஜனங்கள் தங்களைப் பற்றி எல்லாவற்றையும் ஃபேஸ்புக்கில் கொட்டி வைத்திருக்கிறார்கள். போய் அள்ளவேண்டியதுதான். எங்கள் பக்கத்தில் கமெண்ட் போடுகிற ஒவ்வொரு ஆளின் பக்கத்துக்கும் போய்ப் பார்க்கிறேன். பார்த்ததை எக்செல் பட்டியலில் எழுதுகிறேன். முதல் கட்டத்தில் குறிப்பு, இரண்டாவதில் பெயர், மூன்றாவதில் ஊர். கடிதம் அனுப்பும் மென்பொருள் இரண்டாவது கட்டத்தை எடுத்து "அன்புள்ள" பக்கத்தில் போட்டுக்கொள்ளும்.

இன்றைய குறிப்புகள்: "குண்டு. எண்ணெய் குறைந்த சமையல்னா விழும்." "புருஷன் போட்டோவே எட்டு மாசமா இல்லை. சின்ன பாக்கெட் போதும்."

நானே சிரித்துக்கொண்டேன். என்னைத் தவிர யார் பார்க்கப்போகிறார்கள்?

நவம்பர் 12

பிறவத்தில் ஒரு சோசம்மா சேச்சி. நாங்கள் எது போட்டாலும் ஐந்தே நிமிஷத்தில் வந்து கைகூப்பும் பொம்மை மூன்று வைத்துவிட்டுப் போகும். அறுபத்தெட்டு வயசு, தனியாக இருக்கிறது. பக்கம் முழுக்க மகன் எல்தோ. கனடாவில் வேலை. ஒவ்வொரு டிசம்பரும் அதே பழைய போட்டோ, "இந்த வருஷம் மோன் வருவான்" என்று அதே வரி.

எழுதினேன்: "மகன் மூணு வருஷமா வரலை. அவன் பேரைச் சொன்னா எதையும் வாங்கும்."

நவம்பர் 19

"எல்தோவுக்குப் பிடிச்ச மீன் கறிக்குக் குடம்புளி எத்தனை சுளை போடுவீங்க, சேச்சி?" என்று இந்த வாரக் கடிதத்தில் கேட்டிருந்தேன். மற்றவர்களுக்கும் ஆளுக்கொரு வரி, அவரவர் பக்கத்திலிருந்து எடுத்ததுதான்.

பதில் வந்தது. "மோளே, பக்கத்து வீட்டு லீலாமணியைக் கூப்பிட்டுக் காட்டினேன். என் பேரு இருக்கு பாரு, என் மோன் பேரும் இருக்கு பாருன்னு. மூணு சுளை போதும் மோளே, அவனுக்குப் புளிப்பு ஆகாது." கூடவே பத்து பாக்கெட் ஆர்டர். கிறிஸ்துமஸ் நோன்பு முடிகிற அன்று அவன் வீட்டில் இருப்பானாம்.

அதைப் படம் பிடித்து ஆபீஸ் குரூப்பில் போட்டேன். ஒரே சிரிப்பு. சார், "இதே மாதிரி இன்னும் நூறு சோசம்மாவைப் பிடி" என்றார். நூற்றுக்கு இருபத்திரண்டு.

நவம்பர் 26

இருபத்தேழு. சேச்சி தினமும் எழுதுகிறது. மகன் லீவு கேட்டிருக்கிறானாம், கிடைக்குமா மோளே என்று என்னைக் கேட்கிறது. "கண்டிப்பா வருவார் சேச்சி" என்று போட்டேன். எனக்கென்ன தெரியும்? போட்டேன்.

டிசம்பர் 1, காலை

கிறிஸ்துமஸ் வரைக்கும் கறி, மீன் தொடாத இருபத்தைந்து நாள் நோன்பு தொடங்கிவிட்டது. நோன்பு பிடிக்கிற வீட்டுக்கு மாட்டிறைச்சி மசாலாக் கடிதம் போய், போன வருஷம் சர்ச் அச்சன் ஒருவர் போனில் கூப்பிட்டுத் திட்டினார். இந்த முறை உஷார். பட்டியலில் எல்லாவற்றுக்கும் முன்னால் புதுசாக ஒரு கட்டம் சேர்த்தேன்: நோன்பு உண்டு, இல்லை. பதினோரு மணிக்குக் கடிதம் போயிற்று.

அதே நாள், மாலை

கர்த்தாவே.

முன்னால் ஒரு கட்டம் வந்ததும் எல்லாம் ஒன்று தள்ளிப்போச்சு. இரண்டாவது கட்டத்துல பேர் இல்ல. குறிப்பு இருக்கு. குறிப்பு எழுதி வச்சிருந்த அறுநூத்தி நாப்பது பேருக்கும், அவங்கவங்களைப் பத்தி நான் எழுதினது, அவங்கவங்களுக்கே. "அன்புள்ள குண்டு." சேச்சிக்கு — "அன்புள்ள மகன் மூணு வருஷமா வரலை, அவன் பேரைச் சொன்னா எதையும் வாங்கும்." கீழேயே எல்தோவைப் பத்தி இனிக்க இனிக்க ஒரு வரி. திரும்ப எடுக்க முடியாது. ஒரு தடவை எனக்கே அனுப்பிப் பார்த்திருந்தா என்ன? சீட் போச்சு.

டிசம்பர் 2

போகவில்லை.

சார் என் மேசைக்கே வந்தார். "எத்தனை பேர் திறந்தாங்கன்னு தெரியுமா? நூத்துக்கு ஐம்பத்தெட்டு." திட்டு வாங்கினவர்கள் படம் பிடித்து ஃபேஸ்புக்கில் போட, மற்றவர்கள் தங்களுக்கு என்ன வந்திருக்கிறது என்று தேடித் திறந்திருக்கிறார்கள். "மென்பொருள் கோளாறுன்னு மன்னிப்புக் கேட்டு ஒண்ணு அனுப்பு. பேர் சொல்லி அனுப்பு." அனுப்பினேன். அதை நூற்றுக்கு அறுபத்தொரு பேர் திறந்தார்கள்.

சேச்சி ஒன்றும் எழுதவில்லை.

டிசம்பர் 10

இன்றைக்கும் கைகூப்பும் பொம்மை இல்லை. சேச்சியின் பக்கத்துக்குப் போய்ப் பார்த்தேன். எல்தோவின் போட்டோ ஒன்றுகூட இல்லை. எல்லாவற்றையும் எடுத்துவிட்டார். போன் நம்பர் ஆர்டரில் இருக்கிறது. கூப்பிட்டு என்ன சொல்றது? சேச்சி, அது மென்பொருள் எழுதினதுன்னா? அசிங்கமா இருக்கு. அதுக்காக வேலையை விட்டுடுவேனா? மாட்டேன்.

டிசம்பர் 24

சேச்சி எழுதியிருக்கிறார்.

"மோளே, பத்து பாக்கெட்டும் திருப்பி அனுப்பியிருக்கேன், பிரிக்கவே இல்ல. அன்னைக்கு நான் கண்ணாடி போடல. லீலாமணிதான் கடிதத்தைச் சத்தமா வாசிச்சா. பாவம், பாதியில நிறுத்திட்டா. நான்தான் முழுசா வாசின்னேன். எனக்குக் கோபமில்ல, ஊர்ல எல்லாரும் பேசறதைத்தான் நீ எழுதியிருக்கே. ஒண்ணு மட்டும் தப்பு. மூணு இல்ல மோளே, நாலு வருஷம் ஆச்சு. திருத்திக்கோ."

மூன்று தடவை படித்தேன்.

ஜனவரி 5, திங்கள்

எனக்குக் கீழே இரண்டு பேரைச் சேர்த்திருக்கிறார்கள். பட்டியலை எப்படி நிரப்புவது என்று இன்று சொல்லிக்கொடுத்தேன். சோசம்மா சேச்சி பெயர் வந்ததும், மூணு என்பதை அழித்து நாலு என்று போட்டேன். மீதியை அப்படியே விட்டேன். ஈஸ்டர் கடிதத்துக்கு வேண்டியிருக்கும்.