அலை இல்லாத இடம்

வீரபாண்டி,
மாசி மாதக் கடைசி வெள்ளி, 1993.

அன்பு மகள் மயிலாளுக்கு அப்பன் சாமியப்பன் தன் கையாலேயே எழுதுவது. நானும் உன் அம்மா கண்ணம்மாளும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம். லூதியானாக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் பேத்திகள் இருவரும் நலமாக இருக்கச் சிவன்மலை முருகன் துணை நிற்கட்டும். கண்ணு, எழுத்து கோணலாக இருப்பதற்குக் கோபித்துக்கொள்ளாதே. கோடு போட்ட தாள்தான் வாங்கினேன், இருந்தும் என் வரி பல்லடம் பஸ் மாதிரி ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டே போகிறது. நேற்று மாலை தொடங்கியது இது. பேனாவை அழுத்திப் பிடித்ததில் விரலில் குழி விழுந்துவிட்டது. சலவைப் பட்டறையில் அத்தனை வருஷம் ஈரத் துணி பிழிந்த கைக்கு இந்தச் சின்னப் பேனா அடங்கமாட்டேன் என்கிறது. உன் அம்மா பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, ஏனுங்க, நீங்க எழுதி முடிக்கறதுக்குள்ள பேத்திக்குக் கல்யாணமே வந்துருமாட்ட இருக்குதுங்க என்கிறாள். சிரிக்கட்டும். நேற்று அவள் வாங்கி வந்த சோப்பு உறையை நான்தான் படித்துச் சொன்னேன், வாயைப் பிளந்துகொண்டு கேட்டாள். அறிவொளி வகுப்பு எடுக்கிற பூவாத்தாள் பகலெல்லாம் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்துவிட்டு ராத்திரியில் வந்து, கைநாட்டு வைத்துக்கொண்டிருந்த எங்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுக்கிற பெண். இந்தக் கடிதத்தை அவளிடம் காட்டித் திருத்தலாம் என்றுதான் நினைத்தேன். பிறகு, இதில் இருப்பது வீட்டு விஷயம், பிழையோடு போனாலும் என்னிடமிருந்தே போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

விஷயம் அந்தக் கடற்கரை லாட்ஜைப் பற்றியது. மே மாத லீவுக்கு வரும்போது பிள்ளைகளுக்குக் கடல் காட்ட வேண்டும், கூட்டமில்லாத சின்ன இடமாக, அலை அதிகம் இல்லாமல் பிள்ளைகள் நீந்துகிற மாதிரி ஒரு இடம் பாருங்கள் மாமா என்று மாப்பிள்ளை எழுதியிருந்தார் அல்லவா. அவருக்குத் தெரிந்த பல்லடத்து நஞ்சப்பன், கோழிப்பண்ணை வைத்திருந்தவர், நாகப்பட்டினத்துக்குத் தெற்கே ஒத்தப்பனை என்ற ஊரில் லாட்ஜ் கட்டியிருக்கிறார் என்றும் எழுதியிருந்தார். நம் வீதி பசீர் அகமது, பனியன் வேஸ்ட் வியாபாரம் செய்கிறவர், நாகூரில் இருக்கும் தங்கை குல்சார் பேகம் வீட்டுக்குப் புறப்பட்டார். நானும் அவரோடு ஒட்டிக்கொண்டேன், முதலில் இரண்டு பேரும் லாட்ஜைப் பார்த்து ஒரு ராத்திரி தங்கிவிட்டுப் பிறகு நாகூர் போவதாகப் பேச்சு. வழியெல்லாம் போர்டு படித்துக்கொண்டே போனேன். பசீர், அண்ணா, போதுமுங்க, கடைக்காரன் பேரெல்லாம் எனக்கெதுக்குங்க, கொஞ்சம் தூங்க உடுங்க என்று கெஞ்சினார். நான் விடவில்லை.

இடம் அழகுதான், பொய் சொல்லமாட்டேன். சவுக்குத் தோப்பு, அதற்குள் ஓட்டு வீடு மாதிரி சின்னச் சின்ன அறைகள், வெளியே வந்தால் வெள்ளை மணல். கடலை இத்தனை பக்கத்தில் நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. இரண்டு பக்கமும் அலை வெள்ளையாக உடைந்து சத்தம் போடுகிறது, நடுவில் மட்டும் ஒரு பாட்டைபோல நீளத்துக்குத் தண்ணீர் கறுத்து, அலையே இல்லாமல் அப்படியே கிடக்கிறது. நஞ்சப்பன் கையை நீட்டிக் காட்டி, பாருங்க, நம்ம கிணத்துத் தண்ணியாட்ட நிக்குதுங்களா, குழந்தைங்க குளிக்கறதுக்குன்னே சாமி செஞ்சு வெச்ச எடமுங்க என்றார். எனக்கும் அப்படியே பட்டது. மாப்பிள்ளை கேட்டதும் இதுதானே. அந்த இடத்திலேயே முழங்கால் வரை இறங்கி நின்றேன். காலடி மணல் குறுகுறுவென்று நழுவியது, பேத்திகள் காலைக் கிச்சுக்கிச்சு மூட்டுகிற மாதிரி இருந்தது, சிரித்தேன். சாயங்காலம் அவருடைய ஆபீசு அறையில் ஒரு பலகைத் தட்டு, அதன் மேல் மறந்துவிட்டுப் போனவை என்று எழுதியிருந்தது. எழுத்துக்கூட்டிப் படித்தேன். நிறையச் செருப்புகள், அதில் இரண்டு ஜோடி சின்னது, ஒரு மூக்குக்கண்ணாடி, ஒரு சிவப்பு ரப்பர் பந்து. என்ன ஜனங்க, இப்படியா மறந்துட்டுப் போவாங்க என்று கேட்டேன். பந்தை எடுத்து என் கையில் கொடுத்து, பேத்திக்குக் கொண்டுபோங்க, இதைக் கேட்டு இனி ஆரும் வரப்போறதில்லீங்க என்றார். வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். அந்தச் சந்தோஷத்தில்தான் அங்கேயே ஒரு கார்டு வாங்கி உனக்கு எழுதினேன். நல்ல இடம், அலை இல்லை, வாருங்கள், சின்னவளுக்குச் சிவப்புப் பந்து வைத்திருக்கிறேன் என்று. என் ஆயுசில் நான் எழுதிய முதல் தபால் அது. பெட்டிக்குள் போட்ட பிறகும் கொஞ்ச நேரம் பெட்டிப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன்.

மறுநாள் விடிந்ததும் அதே இடத்தில் இறங்கி முகம் கழுவி, தீபாவளிக்கு மாப்பிள்ளை எடுத்துக் கொடுத்த துண்டை அலசினேன். அலை கிடையாது, காற்றும் கிடையாது. கை நழுவித் துண்டு தண்ணீரில் விழுந்தது. கரைக்கு வரும் என்று பார்த்தேன். அது என்னை விட்டு நேரே கடலுக்குள் போகிறது கண்ணு, ஒருத்தர் அந்தப் பக்கமிருந்து கயிறு கட்டி இழுக்கிற மாதிரி, சத்தமே இல்லாமல். பட்டறைக்காரன் கை உனக்குத் தெரியும். தொட்டியில் துணி நழுவினால் யோசிக்கமாட்டோம், பாய்ந்து பிடிப்போம், நழுவ விட்டவன் சம்பளத்தில்தான் அது விழும். அந்தப் பழக்கத்தில் பாய்ந்துவிட்டேன். அடுத்த அடி வைக்கத் தரை இல்லை. நெஞ்சு வரை வந்துவிட்டது. காலுக்குக் கீழே இருந்து எதுவோ வாரிக்கொண்டு போகிறது. பசீர் எப்படி வந்தார் என்று தெரியாது. என் இடுப்புப் பச்சை பெல்ட்டைப் பின்னாலிருந்து பிடித்து, குதிகாலை மணலில் ஊன்றிக்கொண்டு இழுத்துப் போட்டார். இரண்டு பேரும் அப்படியே கரையில் உட்கார்ந்தோம். அந்த பெல்ட்டைக் கட்டாதீங்க, அசிங்கமா இருக்குதுன்னு நீயும் அம்மாவும் சொல்வீர்களே, இனிமேல் சொல்லாதீர்கள்.

அப்போது கருவாட்டுக் கூடையோடு காத்தாயி என்கிற மீனவப் பெண் ஒருத்தி வந்து என்னைப் பிடித்துத் திட்டினாள் பார், எங்கள் அம்மாகூட அப்படித் திட்டியதில்லை. ஏன்யா பெரிசு, துண்டு வா வான்னு கூப்புட்டுச்சா, பின்னாலயே போறே, அது போனா போவட்டும், நீ போனா ஒன் பொஞ்சாதிக்கு எவன்யா பதில் சொல்றது என்றாள். அலை இல்லாத இடம்தானேம்மா என்றேன். அவள் கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னாள், அலை அடிக்கிற எடம் ஒன்னத் தள்ளிவுடும், அடிக்காத எடம் இழுத்துக்கிட்டுப் போவும், அங்கதான் கடலு வாயத் தொறந்து வச்சிருக்கு, நாங்க பொறந்ததுலேருந்து அதுல கால் நனைச்சதில்ல, மேக்கத்தி ஆளுங்க நீங்கதான் கெணறு மாரி இருக்கு கெணறு மாரி இருக்குன்னு சொல்லிக்கிட்டே வந்து எறங்குறீங்க என்று. பிறகு அவளாகவே சொன்னாள். கார்த்திகை மாதம் ஒரு குடும்பம் வந்ததாம். பந்து போவுதுன்னு புள்ள போச்சு, புள்ள போவுதுன்னு அப்பன் போனாரு, அண்ணன் போறாருன்னு தம்பி போனாரு, மறுநா பந்து மட்டும் கரைக்கு வந்துச்சு என்றாள். என்ன நிறப் பந்து என்று நான் கேட்கவில்லை. பையிலிருந்து எடுத்துக் காட்டினேன். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

நஞ்சப்பனிடம் போய்ப் பந்தை அந்தத் தட்டிலேயே திரும்ப வைத்தேன். அந்தக் கார்த்திகை மாதக் குடும்பத்தைப் பற்றிக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை, அதுதான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது. நீச்சல் தெரியாதவங்க எறங்குனா நாம என்னங்க பண்றது, உங்க மாப்பிள்ளை நல்ல நீச்சக்காரர், உங்களுக்கென்ன கவலை, வெளியில மட்டும் சொல்லிப்போடாதீங்க, பேர் கெட்டுப்போகும் என்று சொல்லி எனக்குக் காபி வரவழைத்தார். அதைத் தொடாமல் எழுந்துகொண்டேன். வெளியே வரும்போது அந்தத் தட்டை மறுபடியும் பார்த்தேன். செருப்பை மறந்துவிட்டு யாராவது ஊருக்குப் போவார்களா சாமி? முதல் நாள் அந்த எழுத்தைப் படித்தேன் என்று பெருமைப்பட்டேனே ஒழிய, எதைப் படித்தேன் என்று யோசிக்கவில்லை.

நாகூரில் பசீர் வேலை முடிய ஒரு வாரம் ஆனது, மாப்பிள்ளை கம்பெனி நம்பரோ வீட்டில் இருந்தது, அதனால் ஊருக்கு வந்ததும்தான் எஸ்.டி.டி. பூத்தில் இருந்து போன் போட்டேன். கார்டு எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டது. கார்டு கிடைச்சுதுங்க மாமா, நஞ்சப்பன்கிட்ட ரூம் சொல்லியாச்சு என்று சந்தோஷமாகச் சொன்னார். நான் நடந்ததைச் சொன்னேன். சிரித்தார். சோமனூர்ல எங்க தோட்டத்துக் கிணத்துல மேட்டுல இருந்து தலைகீழாக் குதிச்சவன் நானு, புள்ளைங்களும் போன வருஷம் சுரைக்குடுக்கை கட்டி நீச்சல் பழகிட்டாங்க, ஒரு துண்டு போனதுக்கா இப்புடிப் பயப்படறீங்க, நீங்கதானுங்க மாமா நல்ல இடம்னு உங்க கையாலயே எழுதுனீங்க என்றார். மாப்பிள்ளையை எதிர்த்து இரண்டாவது வார்த்தை பேசுவது நம் குடும்பத்தில் இல்லை. வாயை மூடிக்கொண்டு போனை வைத்துவிட்டேன். நாலு நாள் கழித்துத்தான் கடைக்குப் போய் இந்தத் தாளை வாங்கினேன். உன் அம்மாவிடம் துண்டு தொலைந்தது என்று மட்டும் சொல்லியிருக்கிறேன்.

அதனால்தான் உனக்கு எழுதுகிறேன் மயிலாள். நான் சொல்லக் கூடாது, நீ சொல்லலாம். மாப்பிள்ளை நல்ல நீச்சக்காரர், எனக்குச் சந்தேகமே இல்லை. அதுதான் எனக்குப் பயம். போன மே மாதம் கருப்புசாமி தோட்டத்துக் கிணற்றில், பட்டறைச் சாயத் தண்ணீர் இறங்காமல் மிச்சமிருக்கிற அந்த ஒரே கிணற்றில், சின்னவள் குடுக்கையோடு தண்ணீர் குடித்தாள் என்று அவர் படியிலிருந்து எப்படிக் குதித்தார் என்று நீயும் பார்த்தாய். கிணறு நான்கு சுவருக்குள் இருக்கும், எங்கே குதித்தாலும் படி கைக்கெட்டும். அங்கே சுவர் இல்லை. பிள்ளை போனால் அவர் நிற்பாரா? அவர் போனால் நீ நிற்பாயா? கடல் காட்டவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. குல்சார் பேகம் நாகூரில் மாடி அறையை நமக்கு ஒழித்துத் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். அங்கே மீனவப் பிள்ளைகள் குளிக்கிற இடத்தில், அலை உடைந்து கத்துகிற இடத்தில், கணுக்கால் நனைய நிற்கட்டும். மீனவர்களின் பிள்ளைகள் இறங்காத தண்ணீரில் நம் பிள்ளைகள் இறங்க வேண்டாம். இந்தக் கடிதத்தை மாப்பிள்ளை சாப்பிட்டு உட்காரும்போது நீ வாய்விட்டுப் படி. மாமா எழுதியது என்றால் எதிர்த்துப் பேசியதாக ஆகாது.

அந்தக் கார்டைக் கிழித்துப் போடாதே, முதலில் எழுதியது, பத்திரமாக வை. அதில் இருப்பதை மட்டும் நம்பாதே. சிவப்புப் பந்து வராது என்று சின்னவளிடம் சொல், சந்தையில் நீலத்தில் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். பெரியவளுக்கு இருமல் விட்டதா, சுக்கு அனுப்புகிறேன். தாயும் பிள்ளைகளும் தீர்க்காயுசாக, தலைமேல் எண்ணெய் காயாமல் நன்றாக இருக்க வேண்டும். பதில் எழுதும்போது, அங்கே போகவில்லை என்ற அந்த இரண்டு வார்த்தையை மட்டும் பெரிய எழுத்தில் தனியாக எழுது. யாரிடமும் கொடுக்காமல் நானே படிப்பேன். அது வருகிற வரைக்கும் அடுத்த வாரம் எழுதுவேன், அதற்கு அடுத்த வாரமும் இதையேதான் எழுதுவேன். எனக்கு வேறு எதுவும் எழுத வராது.

கைநாட்டு இல்லாமல் கையெழுத்தே போடும் உன் அப்பன்,
வீ. சாமியப்பன்