ஜோடி இல்லாத பூநாரை

நீ போன பிறகு சாயக்காரத் தெருவுக்குள் நான் கால் வைத்ததில்லை. கடைக்குப் போவதென்றாலும் கோட்டைக்குப் போவதென்றாலும் சுற்றிக்கொண்டுதான் போவேன். இன்று போக வேண்டியதாகிவிட்டது. பறவைப் படம் வரைய இன்னொரு சாயக்காரனை அழைத்து வரும்படி கோட்டை வைத்தியரின் உத்தரவு. தெருமுனை திரும்பியதுமே அந்த வாசனை வந்துவிட்டது. கடுக்காயிலும் எருமைப்பாலிலும் ஊறிய துணி வெயிலில் காய்கிற வாசனை. உன் வேட்டியில், உன் விரலில், நீ மடித்துக் கொடுத்த வெற்றிலையில்கூட அடித்த வாசனை. என் கால் அங்கேயே நின்றுவிட்டது.

செத்துப்போன சிநேகிதனை நினைத்தால் மற்றவர்களுக்கு அழுகை வரும். எனக்குப் பயம் வருகிறது. நீ இருந்தால் இதற்கும் ஒரு சிரிப்புச் சிரித்திருப்பாய்.

நான் பிறவிப் பயந்தாங்கொள்ளி. கோட்டையில் துபாஷி வேலைக்குச் சேர்ந்த பிறகு அது முற்றிப்போயிற்று. கோட்டையை ஆளும் ஒல்லாந்தர் கத்தினால் அந்தக் கத்தலை நம் ஆட்களிடம் நான் சொல்ல வேண்டும். நம் ஆட்கள் திட்டினால் அதற்கு வெல்லம் தடவி ஒல்லாந்தரிடம் நான் சொல்ல வேண்டும். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. நீயோ கப்பலேறிப் போகிற துணியில் பூவும் கொடியும் எழுதிக்கொண்டிருந்தவன். உனக்கும் கோட்டைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அந்த வைத்தியர் வந்து சேரும்வரை.

அவருக்கு நோயாளிகளைவிடப் பறவைகள் மேல்தான் ஆசை. பழவேற்காட்டு ஏரியில் என்னென்ன பறவை உண்டு, எந்தக் கரையில் மேய்கிறது, எந்த மாதம் வருகிறது, எப்போது போகிறது, இங்கே கூடு கட்டுகிறதா இல்லையா, எல்லாவற்றையும் எழுதித் தன் தேசத்துக்கு அனுப்ப வேண்டுமாம். காலில் ஆறாத புண், படகேற முடியாது. அதனால் பார்த்து வரைய நீ, கேட்டு வந்து சொல்ல நான், படகு தள்ளக் கோட்டைக்குப்பத்து நாட்டார் என்று ஏற்பாடாயிற்று. நாட்டார்தான் குப்பத்து மீனவருக்கெல்லாம் தலைவர். எவன் வலை எந்தத் துறையில் இறங்கலாம் என்று அவர்தான் சொல்ல வேண்டும். அவர் படகில் உட்காரவே எனக்குக் கூச்சமாக இருந்தது.

வாடைக்காற்று தொடங்கிய நாட்களில் போனோம். படகு கொஞ்சம் சாய்ந்தாலும் நான் பலகையைக் கட்டிப்பிடித்துக்கொள்வேன்.

"தண்ணி முட்டிக்கால் ஆழந்தாண்டா. வுழுந்தா எழுந்து நில்லு, போதும்" என்பாய் நீ.

நாட்டார் தடியை ஊன்றியபடியே பறவைகளைப் பற்றிச் சொல்வார். அவரிடம் மூன்றே சாதிதான். கூழைக்கடாவைக் காட்டி, "இது குடித்தனக்காரன். ஏரிக்கு மேக்கால மரத்துல கூடு கட்டி, புள்ள பெத்து, இங்கயே கெடப்பான்" என்பார். உள்ளான் கூட்டம் எழும்பினால், "இதெல்லாம் விருந்தாளி. மழையோட வரும், வெயிலுக்கு முன்ன கெளம்பிடும்." என்றைக்காவது யாரும் பார்த்திராத ஒன்று வந்து இறங்கினால், "இவன் வழிப்போக்கன். வழி தப்பி வந்துட்டான், பாவம்." நான் அதை அப்படியே கொண்டுபோய் வைத்தியரிடம் ஒப்பிப்பேன். அவருக்கும் அந்தப் பிரிவு பிடித்திருந்தது.

பூநாரைகளைப் பார்த்த நாள் நினைவிருக்கிறதா? வடக்கே சேற்றுத் திட்டில், வாசலில் யாரோ குங்குமத்தைக் கொட்டிவிட்டதுபோல நின்றன. நீ வரையப் புளியங்கரியை எடுத்தவன் வீடு வரும்வரை கீழே வைக்கவில்லை. "இதுவும் விருந்தாளிதான். இது முட்ட எங்க போடுதுனு எங்க நைனாவுக்கும் தெரியாது, அவரு நைனாவுக்கும் தெரியாது" என்றார் நாட்டார். அதையும் நான் வைத்தியரிடம் சொன்னேன்.

நீ வரைந்த படங்களைப் பார்த்து அவர் குழந்தைபோலக் குதித்தார். எல்லாமே ஜோடி ஜோடியாக இருந்தன. உள்ளான் ஜோடி, ஆலா ஜோடி, பூநாரை ஜோடி. பூநாரைகள் இரண்டும் எதிரெதிரே நின்று அலகோடு அலகு உரசிக்கொண்டிருந்தன. "இவையெல்லாம் நீ கண்ணால் கண்டவைதானே?" என்று கேட்டார். "ஆமாங்க" என்றாய். கண்டவைதானே? நீ பொய் சொல்லவில்லை. கூட நின்ற எனக்கும் ஒன்றும் உறைக்கவில்லை. நம் ஊரில் சேலைத் தலைப்பிலும் திரைச்சீலையிலும் ஜோடிப் பறவையைத் தவிர வேறு எதை நாம் பார்த்திருக்கிறோம்?

பிறகுதான் வினை வந்தது. ஒல்லாந்தரின் தலைநகரான பத்தாவியாவுக்குப் போகிற கப்பலில் அங்கே உள்ள பெரிய துரைக்குக் காணிக்கையாகப் பூநாரை முட்டையும் குஞ்சும் அனுப்ப வேண்டும் என்று கோட்டைத் தளபதிக்கு ஆசை வந்தது. வைத்தியர் நாட்டாரை அழைத்துக் கேட்டார். நாட்டார் பழைய பதிலையே சொன்னார். வைத்தியர் உன் படத்தை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"ஆணும் பெண்ணும் கொஞ்சிக்கொண்டு நிற்கின்றன. கூடு எங்கே?"

"கூடு இல்லீங்க சாமி."

"வாய் பொய் சொல்லும். சித்திரக்காரன் கண் பொய் சொல்லாது. மீன் கிடைக்கிற இடத்தை மறைக்கிறீர்கள். இப்போது முட்டை இருக்கிற இடத்தையும் மறைக்கிறீர்கள்."

இதை நான் தமிழில் சொன்னபோது நாட்டார் என்னைத்தான் பார்த்தார். நானே கேட்டதுபோல எனக்கு வியர்த்தது. முட்டை வந்து சேரும்வரை அவரைக் கோட்டைக்குள் அடைத்து வைக்கும்படி தளபதி உத்தரவு போட்டார். கோட்டை வாசலில் குப்பத்துப் பெண்கள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். அவர்களைத் தாண்டித்தான் நான் வெளியே வர வேண்டியிருந்தது. ஒருத்தியும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

உச்சி வெயிலில் உன் வீட்டுக்கு ஓடி வந்தேன். உன் பெண்டாட்டி கன்னியம்மாவுக்கு நிறைமாதம். சுவரைப் பிடித்துக்கொண்டு எனக்குத் தண்ணீர் கொடுத்தாள். அவள் உள்ளே போனதும் நடந்ததைச் சொல்லி உன்னைப் பிடித்துக்கொண்டேன்.

"பூநாரைய ஏண்டா ஜோடியா வரைஞ்ச?"

"வேற எப்பிடிடா வரைவாங்க?"

"பார்க்கிறப்ப ஜோடியா நின்னுச்சா?"

"அது ஆயிரம் நின்னுச்சு. நான் ரெண்டு எடுத்தேன். ஒத்தைப் பறவை எழுதக்கூடாதுடா. எழுதினா எழுதினவன் வூட்டுல ஜோடி நிக்காது. எங்க நைனா தூரிகையத் தொடறதுக்கு முன்னாடி சொன்னது."

வழக்கத்துக்காக நீ எழுதிய ஜோடியை வைத்தியர் கண்ட சாட்சியாக எடுத்துக்கொண்டார் என்று அப்போதுதான் இருவருக்கும் விளங்கியது. உன் கையிலிருந்த தூரிகை நழுவிப் புதுத்துணிமேல் விழுந்தது. அதை எடுக்கக்கூட உனக்குத் தோன்றவில்லை. உண்மையைச் சொன்னால் ஒல்லாந்தர் கும்பினியை ஏமாற்றினவன் என்று உன்னைக் கம்பத்தில் கட்டிச் சவுக்கால் அடிப்பார்கள். சொல்லாவிட்டால் இல்லாத முட்டைக்காக நாட்டார் உள்ளேயே கிடந்து சாவார். ஆரம்பாக்கம் பக்கம் ஓடிப்போய்விடு என்று நான்தான் உன்னைக் கெஞ்சினேன். அதற்கும் நீ அசையாததால், வாத்து முட்டைக்குச் சாயம் போட்டுக் கொடுத்துவிடலாம் என்றேன்.

"பொரிச்சா வாத்துதானேடா வரும்" என்றாய். அந்த நேரத்திலும் நாம் இரண்டு பேரும் சிரித்தோம்.

"நாட்டாருக்குச் சோறு குடுத்தாங்களா?" என்று கேட்டாய். எனக்குத் தெரியாது என்றேன். மேல்துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, "வா, போலாம்" என்றாய்.

வைத்தியர் முன்னால் நீ சொன்னதை வரிக்கு வரி மொழிமாற்றிச் சொன்னேன். அவர் நம்பவில்லை. நாட்டாரைக் காப்பாற்ற நீ கட்டிய கதை என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, வெறும் வழக்கம்தான் என்றால் அதை மீறுவதில் உனக்கு என்ன கஷ்டம் என்று கேட்டார். உன் படங்களையெல்லாம் மேசையில் பரப்பினார். எந்தப் பறவையின் கூட்டை நீ கண்டாயோ அதன் ஜோடி இருக்கட்டும், எதன் கூட்டைக் காணவில்லையோ அதன் துணையைக் கறுப்புப் பூசி அழி, இங்கேயே, இப்போதே என்றார். அப்படிச் செய்தால் பறவைகளில் எது குடி, எது விருந்தாளி என்று பார்த்தவுடன் தெரிந்துவிடுமாம். அவருக்கு அது ஒரு நல்ல யோசனை. உனக்கு அது என்ன என்று அவருக்கு எப்படித் தெரியும்?

"சொல்லட்டுமா?" என்று உன்னிடம் கேட்டேன். "கன்னியம்மா இந்த நெலமைல இருக்கானு சொல்லட்டுமா?"

"வேணாம். இதையும் கதைனு சொல்வான். நீ கிண்ணத்தைப் பிடி."

துருப்பிடித்த இரும்பை வெல்லத் தண்ணீரில் ஊறப்போட்டு எடுத்த உன்னுடைய அந்தக் கறுப்பு. கிண்ணத்தை நான் இரண்டு கையாலும் பிடித்திருந்தேன். உள்ளானின் துணையை அழித்தாய். ஆலாவின் துணையை அழித்தாய். கூழைக்கடா வந்ததும், "இதுக்குக் கூடு பாத்தேன்" என்று வேகமாகச் சொல்லி அதை நகர்த்தி வைத்தாய். உன் நெற்றியில் இருந்து வியர்வை சொட்டிக்கொண்டே இருந்தது. கடைசியில் பூநாரை. பெண் பறவையின் காலில் தொடங்கி மேலே வந்தாய். கழுத்துக்கு வந்ததும் வாய்க்குள் கன்னியம்மா பேரைச் சொன்னாய். நான் அதை மொழிபெயர்க்கவில்லை.

வைத்தியர் நம்பினார், உன்மேல் சவுக்கும் விழவில்லை, சாயங்காலம் நாட்டாரை விட்டார்கள். வாசலில் நின்றுகொண்டு அவர் உன்னைத் தோளோடு அணைத்து, "ஒரு பறவ எங்க முட்ட போடுதுனு தெரியாததுக்கு மனுசன அடைக்கிறானே, இன்னா ஊருடா இது" என்றார். அதற்குள் நீ வீட்டை நோக்கி ஓடிக்கொண்டிருந்தாய். நானும் பின்னால் ஓடினேன். உன் வீட்டுக்குள்ளிருந்து யாராவது அழுகிற சத்தம் கேட்குமோ என்று காதைப் பொத்திக்கொண்டு ஓடினேன். கன்னியம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

பிரசவம் ஆகும்வரை நீ தூங்கவில்லை, எனக்குத் தெரியும். பெண் குழந்தை. தாயும் சுகம், சேயும் சுகம். தெருவில் என்னைக் கண்டதும், "நைனா சொன்னதெல்லாம் சும்மாடா!" என்று சிரித்துக்கொண்டே கத்தினாய். அந்தச் சிரிப்பைத்தான் நான் உன்னிடம் கடைசியாகப் பார்த்தேன். அடுத்த மழையில் ஊரெல்லாம் காய்ச்சல். சாயக்காரத் தெருவில் எத்தனையோ பேர் போனார்கள், அவர்களெல்லாம் ஒற்றைப் பறவையா வரைந்தார்கள்? இதை எனக்கு நானே எத்தனை தடவை சொல்லிக்கொண்டாலும் மனசு கேட்பதில்லை. பாயில் கிடந்தபடி நீ என் கையைப் பிடித்தாய்.

"ஜோடினா ரெண்டு பேருடா. நான் அவளை நெனச்சே பயந்துக்கினு இருந்தேன், என்னை மறந்துட்டேன். அவகிட்ட சொல்லாத."

சொல்லவில்லை. இன்று காலைவரை சொல்லவில்லை.

தெருவில் நான் திகைத்து நின்றபோது கன்னியம்மா பார்த்துவிட்டாள். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள்.

"அண்ணே, ஒண்ணு கேக்கணும். அன்னிக்குக் கோட்டைல அவரு இன்னா வரைஞ்சாரு?"

"எப்பவும்போல ஜோடிதாம்மா" என்றேன். ஒல்லாந்தரிடம் ஒரு பொய் சொல்ல எனக்குத் தைரியம் வந்ததில்லை. அவளிடம் உடனே வந்துவிட்டது.

அவள் தலையை ஆட்டினாள். "ஒத்தைப் பறவ எழுதலன்னா, அப்போ எல்லாரும் சொல்றது சரிதான். என் ராசிதான் அவர வாரிக்கினு போச்சு."

உன் மாமன் வீட்டார் அவளை இப்படிப் பேசுவது எனக்குத் தெரியாதடா. அந்தச் சொல்லைக் கேட்டுக்கொண்டு என்னால் நிற்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கறுப்புக் கிண்ணத்தைச் சொன்னேன், பூநாரையின் கழுத்தைச் சொன்னேன், நீ யார் பேரைச் சொன்னாய் என்பதையும் சொன்னேன். உனக்குக் கொடுத்த வாக்கை நடுத்தெருவில் உடைத்தேன். அவள் அழுதாள். பிறகு குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டே, "நாட்டாரு உசிரோட வூட்டுக்குப் போனாரு இல்ல?" என்று கேட்டாள்.

"போனாரும்மா."

"அது போதும். எங்க வூட்டுக்காரரு எப்பவும் தன்னைச் சேத்து எண்ண மாட்டாரு" என்றாள். அவள் முகத்தில் வேறெதுவோ இருந்தது. ஒருவேளை நிம்மதியாக இருக்கலாம்.

நான் சாயக்காரன் ஒருவனையும் பார்க்காமல் திரும்பி வந்துவிட்டேன். அங்கே எல்லோர் வீட்டிலும் கன்னியம்மாபோல ஒருத்தி இருக்கிறாள். நாளை வைத்தியர், "ஆள் எங்கே?" என்று கேட்பார். யாரோ சொன்னதை மொழிமாற்றிச் சொல்லியே வாழ்ந்த நான், நாளை என் சொந்த வார்த்தையைச் சொல்லப் போகிறேன். ஐயா, வருகிறவன் ஜோடியாகவே வரையட்டும். எது குடி, எது விருந்தாளி என்று நாட்டார் வாயால் கேட்டு நான் சொல்கிறேன். தப்பாக இருந்தால் அந்தச் சவுக்கு எனக்கு. அவர் மொழியில் இதைப் பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டேன்.

பயமாக இருக்கிறதடா. ஆனாலும் சொல்லிவிடுவேன்.