ஆறு மணிப் பச்சைச் சாறு

நாகசாகி,
அக்டோபர் 9

அன்புள்ள நோபுயுகி,

நான் ஒளித்து வைத்து நாட்டோ தின்கிறேன் என்று பக்கத்து வீட்டு மாட்சுவோ உனக்குப் போனில் சொன்னாளாம். அது பொய். சாவோ பாவ்லோவில் நீயும் உன் மனைவியும் சுகமாக இருக்க மாதாவை வேண்டிக்கொண்டு, நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். என் இதயம் தாளம் தப்பித் துடிக்கிறது என்று ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை கொடுத்தார்களே, அன்றே அந்தப் புளித்த சோயாவை விட்டுவிட்டேன். அது மாத்திரையை முறித்துவிடும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். இரண்டு வருடமாக ஒரு மணிகூட நாக்கில் பட்டதில்லை. ஆனாலும் வசந்தத்திலிருந்து, ரத்தப் பரிசோதனையில் மாத்திரை வேலை செய்கிறதா என்று காட்டும், இரண்டைத் தொட வேண்டிய எண் ஒன்று புள்ளி இரண்டைத் தாண்டவில்லை, மாத்திரையைக் கூட்டியும் ஏறவில்லை. கன்னிமாடப் பள்ளியில்கூட நான் இவ்வளவு குறைந்த மதிப்பெண் வாங்கியதில்லை. ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஹமாசாகி அத்தனை பேர் நடுவில், இவானாகா அம்மா, நெஜத்தச் சொல்லுங்க, நாட்டோ டப்பாவப் பாத்தா கை நிக்கலதானே, என்று சிரித்தாள். மாட்சுவோ அங்கேதான் உட்கார்ந்திருந்தாள்.

போன வாரம் மருந்துக்கடைக்காரர்தான், மாத்திரைய எதோட முழுங்குறீங்கம்மா, என்று கேட்டார். நீ வசந்தத்திலிருந்து மாதாமாதம் அனுப்ப ஏற்பாடு செய்திருக்கும் கீரைப் பொடியைக் கரைத்து, காலை ஆறு மணிக்கு, அந்தப் பச்சைச் சாற்றோடு என்றேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டு, அடடா, அதுக்கு நாட்டோவே தேவலையேம்மா, என்றார். கரும்பச்சைக் கீரையும் அதே வேலையைச் செய்யுமாம். ஒரு நாள்கூட நான் தவறவிட்டதில்லை. தவறவிட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். உன்மேல் குற்றமில்லை, கேட்காமல் குடித்தவள் நான்.

அதற்குள் இதயத்தில் ஒரு ரத்தக்கட்டி உறைந்திருப்பது ஸ்கேன் படத்தில் தெரிந்துவிட்டது. தாளத்தைச் சரிசெய்ய நவம்பரில் வைத்திருந்த சிகிச்சையைத் தள்ளிப்போட்டார்கள். கட்டி கரையலாம், பிய்ந்து மூளைக்கும் போகலாம். நான் என்ன செய்யட்டும் என்று கேட்டேன். மாத்திரையப் போட்டுட்டு சும்மா இருங்கம்மா, என்றார் மருத்துவர். சும்மா இருக்க எனக்கு யாரும் கற்றுத்தரவில்லை. ஜெபமாலை உருட்டும்போதும் விரல் நாடியைத்தான் தேடுகிறது.

இன்று அடுத்த மாதப் பெட்டியும் வந்துவிட்டது. கம்பெனியில் கேட்டால், பணம் கட்டியவர் சொன்னால்தான் நிறுத்துவார்களாம். பெட்டிமேல் உன் பெயர் இருக்கிறது, தூக்கிப்போட முடியவில்லை. நீ வேளைக்குச் சாப்பிடு, உன் ரத்த அழுத்தத்தையும் பார்த்துக்கொள். மாதா உங்கள் இருவரையும் காக்கட்டும். போன் செய்யாதே; நீ அழுதால் என்னால் தாங்க முடியாது. பொடியை நிறுத்திவிட்டேன் என்று உன் கையெழுத்தில் ஒரு வரி எழுதி அனுப்பு.

உன் அம்மா,
இவானாகா சிசுகோ