கவிழ்த்த வாளிகள்

லோர்னா,

டில்டாவைப் பள்ளியிலிருந்து நிறுத்த மாட்டேன். "கொரோனான்னு சொல்லிப் பிள்ளைங்களைப் பனியில, கவுத்த வாளி மேல உக்கார வச்சு சாப்பிட வைக்கிறாங்க. நீங்க புத்தகமும் கையுமா இருக்கீங்க!" என்று நேற்று கத்தினாய். நான் பேசவில்லை. அது சம்மதமில்லை.

காலையில் அவளிடமே கேட்டேன். "குளிருதுப்பா. ஆனா அங்கதான் மாஸ்க்கைக் கழட்டுவோம். என் கிளாஸ் ஹேசலுக்குப் பல்லு விழுந்ததே அங்கதான் தெரிஞ்சுது" என்றாள்.

மதியம் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளப் பெற்றோரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். நான் போகிறேன். பிள்ளைகளோடு வெளியேதான் சாப்பிடுவேன்.

சூப் அடுப்பில் இருக்கிறது. சுடவைத்துக்கொள்.

வால்ட்டர்

பி.கு. உன் கம்பளிக் காலுறையை அவளுக்குப் போட்டுவிட்டேன். திட்டிக்கொள்.

இன்னொன்று: நீ துணி ஊறவைக்கும் வாளியையும் எடுத்துப் போகிறேன். எனக்கில்லை, உனக்கு. கோபத்தோடாவது வா.