மூன்றாம் மாடியிலிருந்து இறக்கிய டி.வி.

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் நலம், அதாவது இருக்கிற தொல்லைகளையும் சேர்த்து நலம். நீ அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, தெம்பாக இருப்பாய் என்று நினைத்துக்கொண்டுதான் பொழுதை ஓட்டுகிறேன். வாரம் தவறாமல் போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று யோசிப்பாய். ஒரு விஷயம் சொல்ல வேண்டியிருக்கிறது, போனில் ஆரம்பித்தால் நீ அம்மா அப்புறம் பேசறேன் என்று பாதியில் வைத்துவிடுவாய். கடிதத்தைப் பாதியில் மடித்து வைத்தாலும் மீதி அங்கேயேதான் இருக்கும்.

அப்பாவுக்கு நெஞ்சில் ஆபரேஷன் ஆன பிறகு, சும்மா உட்காராதீர்கள், மனசுக்குப் பிடித்ததை ஏதாவது செய்யுங்கள் என்று டாக்டர் சொன்னாலும் சொன்னார், இந்த மனிதருக்கு மனசுக்குப் பிடித்தது பழைய டி.வி. என்று முன்பே தெரிந்திருந்தால் அந்த டாக்டரின் வாயை அங்கேயே பொத்தியிருப்பேன். மரக்கூடு போட்டது, இழுத்து மூடும் கதவு வைத்தது, குமிழைத் திருகினால் டக் டக்கென்று சத்தம் போடுவது, இப்படிப்பட்டதாகத் தேடுகிறார். எதற்கு என்று கேட்டால் பார்க்க நன்றாக இருக்கிறதாம். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டு வாசலில் இலவசமாகப் போட்டுவிட்டுப் போகிறார்களே, அந்தப் பேப்பரில் "தேவை" என்ற பகுதியில் விளம்பரம் கொடுத்திருக்கிறார். பழைய டி.வி. தேவை, ஓடினாலும் சரி ஓடாவிட்டாலும் சரி, நேரில் வந்து எடுத்துக்கொள்கிறோம் என்று. அந்த "கொள்கிறோம்" என்பதில் இருக்கிற "ஓம்" நான்தான். அவர் கனமான எதையும் தூக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள் அல்லவா, ஆசை அவருக்கு, முதுகு எனக்கு. போன் வந்தபடி இருக்கிறது. ஒருத்தர் ஃபிரிட்ஜ் எடுத்துக்கொள்வீர்களா என்று கேட்கிறார், இன்னொருத்தர் போன வருஷம் வாங்கிய டி.வி.யைப் பழசு என்கிறார், ஓர் அம்மாள் எதையும் விற்பதற்காக இல்லாமல் தன் மருமகனைப் பற்றி அரைமணி நேரம் பேசிவிட்டு வைத்தார். அதையும் அப்பா பொறுமையாகக் கேட்டார், என் பேச்சைத்தான் கேட்கமாட்டார். உன் அறையில் இப்போது ஏழு டி.வி. நிற்கிறது. உன் கட்டிலைச் சுவரோரம் தள்ளிவிட்டோம், கோபித்துக்கொள்ளாதே. அதில் ஓடுவது ஒன்றே ஒன்று, அதிலும் எல்லோர் முகமும் கோணலாகத்தான் தெரிகிறது.

போன மாதம் ஒரு போன் வந்தது. யாரோ ஒரு பெண்மணி, வீட்டைக் காலி பண்ணுகிறேன், கதவு வைத்த டி.வி. ஒன்று இருக்கிறது, வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்றாராம். அப்பா பெயர்கூடக் கேட்கவில்லை, கதவு என்ற வார்த்தையைக் கேட்டவுடன் காதில் வேறு எதுவும் ஏறாது அவருக்கு. விலாசத்தை மட்டும் எழுதிக்கொண்டு, லிஃப்ட் இருக்கிறதாம், உனக்குச் சிரமமே இல்லை என்று என்னைக் காரில் ஏற்றினார். போய்ப் பார்த்தால் லிஃப்டில் "பழுது" என்று அட்டை தொங்குகிறது, காவலாளி சாப்பிடப் போயிருக்கிறார். அப்பாவைக் காரிலேயே உட்காரச் சொல்லிவிட்டு மூச்சு வாங்க மூன்று மாடி ஏறி மணியை அடித்தேன். கதவைத் திறந்தது உன் மாமியாராக இருந்தவர்.

அவர்கள் அந்தப் பழைய வீட்டை விட்டு இங்கே மாறியது நமக்கு எப்படித் தெரியும். ஆள் பாதியாக இளைத்து, தலைமுடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டு, சட்டென்று அடையாளமே தெரியவில்லை. சம்பந்தி என்று கூப்பிட வாய் வரை வந்ததை விழுங்கினேன், வேறு என்ன சொல்லிக் கூப்பிடுவது என்றும் தெரியவில்லை. திரும்பி நடந்திருப்பேன், ஆனால் அந்தம்மா, "டி.வி.க்கு வந்தீங்களா?" என்றார். ஆமாம் என்றேன். "லிஃப்ட் காலைலேருந்து ஓடல. நான் ஒரு பக்கம் புடிச்சுக்கறேன்" என்றார்.

நீ அந்த வீட்டை விட்டு வந்த இந்த நாலு வருஷமாக, அந்தம்மாவைப் பார்த்தால் என்னென்ன கேட்க வேண்டும் என்று குளிக்கும்போதும் காய் நறுக்கும்போதும் ஒத்திகை பார்த்தவள் நான். ஆனால் அந்தப் பெட்டியின் கனம் உனக்குத் தெரியாது. முதல் வளைவில் இறக்கி வைத்தபோது வாயைத் திறந்தால் மூச்சுதான் வந்தது, சொல் வரவில்லை. இரண்டு கிழவிகளும் படியில் உட்கார்ந்து, நடுவில் டி.வி.யை வைத்துக்கொண்டு, ஆளுக்கொரு பக்கம் பார்த்தோம். அடுத்த வளைவில் அந்தம்மாவே பேசினார். மகன் வேலை மாற்றிக்கொண்டு எங்கோ போய்விட்டானாம், போன் செய்தால் எடுப்பதில்லையாம். வாடகை கட்ட முடியாமல் இவர் பெரிய மகள் வீட்டுக்குப் போகிறாராம், அங்கே ஒரு சின்ன அறை, கட்டில் போட்டால் நடக்க இடமில்லை, டி.வி.க்கு எங்கே இடம். சொல்லிவிட்டு, "அவ நல்லா இருக்காளா?" என்று கேட்டார். இருக்கா என்றேன். அதற்குமேல் என்னால் அடக்க முடியவில்லை. "அவ கிளம்பின அன்னைக்கு அத்தனை பேர் முன்னால எம் பொண்ணைக் கல் நெஞ்சுக்காரின்னு சொன்னீங்களே" என்றேன். நான் எப்போது அப்படிச் சொன்னேன் என்று மழுப்புவார் என்று எதிர்பார்த்தேன். "சொன்னேன்" என்றார். டி.வி.யின் கதவை இழுத்து மூடிக்கொண்டே, "எம் பையனை விட்டுட்டுப் போறாளேன்னு ஆத்திரம். இப்ப அவனே என்னை விட்டுட்டுப் போயிட்டான். யாரைத் திட்டறதுன்னே தெரியல" என்றார். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை, நானும் வற்புறுத்தவில்லை. பிறகு, "என்னைப் பத்தி எப்பவாவது பேசுவாளா?" என்றார். எப்போதாவது பேசுவாள் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம், நாக்கு வரவில்லை. பேசமாட்டா என்றேன். தலையை ஆட்டிக்கொண்டு, "சரி, தூக்குங்க" என்றார்.

கடைசிப் படிகளில் நான் கீழ்ப்பக்கம், பின்னால் பார்த்தபடி இறங்கினேன். வேர்வையில் கை வழுக்கிவிட்டது. பெட்டி அப்படியே என் மேல் சாய்ந்திருக்கும், அந்தம்மா முழங்காலைக் குறுக்கே கொடுத்து நிறுத்திவிட்டார். ஐயோ என்றுகூடக் கத்தவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு "மெதுவா, மெதுவா" என்றார் என்னிடம். வாசலுக்கு வந்ததும் டி.வி.யின் மறுபக்கத்தில் யார் என்று பார்த்த உன் அப்பா காரிலிருந்து இறங்கி, என்ன செய்வதென்று தெரியாமல், நடுத்தெருவில் நின்றுகொண்டு "வாங்க வாங்க" என்றார், ஏதோ நம் வீட்டுக்கு வந்தவர்களை வரவேற்பது மாதிரி. அந்தம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும்தான். சிரித்ததற்கு உன்னிடம் என்ன சொல்வது என்று காரில் வரும் வழியெல்லாம் அதே நினைப்பு.

அன்று கிளம்புவதற்கு முன்பே அந்தம்மாவின் முழங்கால் வீங்கிப் போனதால் நானே மறுபடி மேலே கூட்டிக்கொண்டு போய் ஐஸ் வைத்துக் கட்டினேன். சமையலறையில் பாத்திரங்கள் எல்லாம் மூட்டை கட்டாமல் அப்படியே கிடந்தன. அதன் பிறகு இரண்டு தடவை போய்விட்டேன். பெரிதாக ஒன்றும் பேசுவதில்லை, பேப்பரில் சுற்றி அட்டைப்பெட்டியில் அடுக்குகிறோம், டீ குடிக்கிறோம், முதுகு வலிக்கிறது என்று அவர் சொன்னால் எனக்கும் என்கிறேன். "நான் விசாரிச்சேன்னு அவகிட்ட சொல்ல வேண்டாம்" என்றுதான் அந்தம்மா சொன்னார். உனக்குத் தெரியாமல் அந்த வீட்டுப் படியேறுவது எனக்குப் பிடிக்கவில்லை, அதனால் சொல்லிவிட்டேன். நீ அங்கே பட்டதையெல்லாம் அருகிலிருந்து பார்த்தவள் நான், அதில் ஒன்றையும் மறக்கவில்லை. உன் கோபத்தைக் குறைத்துக்கொள் என்று கேட்கவும் இல்லை. உனக்குப் பிடிக்காவிட்டால் நான் போகவில்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் வருகிற வியாழக்கிழமை லாரி வருகிறது, பெரிய மகளுக்கு லீவு கிடைக்கவில்லை, அந்தம்மா அந்தக் காலோடு தனியாக நிற்கப் போகிறார். நீ என்ன நினைத்தாலும் சரி, நான் போகத்தான் போகிறேன், கண்ணம்மா. இரண்டு நாள் என்னோடு பேசாமல் இருந்தாலும் இரு, மூன்றாம் நாள் போன் பண்ணு.

குளிர் நாளில் ஈரத் தலையோடு வெளியே போகாதே. நீ எடுத்துவைத்த அடி எதுவும் வீணாகாமல், மனசுக்கு நிம்மதியாக, நோய் நொடி இல்லாமல் நீண்ட நாள் வாழ வேண்டும். அப்பாவும் ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார். பல் டாக்டரிடம் போனாயா என்று மறக்காமல் எழுது.

இப்படிக்கு,
உன் மேல் உயிரையே வைத்திருக்கும்
அம்மா