ஏற்காட்டில் மூன்று மணி நேரம்

புளியந்தோப்பு,
12.1.2025

அன்புள்ள மாமாவுக்கு,

எழில் எழுதுகிறேன். வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? முதுகு வலி எப்படி இருக்கிறது? எஞ்சின் ரூம் சூட்டோடு வந்து ஃபேனுக்கு நேராகப் படுத்துவிடாதீர்கள், சொன்னால் கேட்கமாட்டீர்கள்.

ரமாவுக்குக் கட்டுப் பிரித்தாகிவிட்டது. நடக்கிறாள். இடது காலை ஊன்றும்போது ஒரு பக்கமாகச் சாய்கிறாள். போகப் போகச் சரியாகும் என்று டாக்டர் சொல்கிறார். எத்தனை நாள் என்று கேட்டால் நாலு வயசுப் பிள்ளைதானே, வளர வளரப் பார்க்கலாம் என்கிறார்.

இந்தக் காலத்தில் காகிதத்தில் எழுதுகிறாளே என்று சிரிக்காதீர்கள். இனி போன் செய்ய வேண்டாம் மாமா. வாய்ஸ் மெசேஜும் வேண்டாம். உங்கள் குரல் கேட்டால் ரமா அப்பா எங்கே என்று வீடு முழுக்கத் தேடுகிறாள். கட்டிலுக்கு அடியில், பீரோவுக்குப் பின்னால், பாத்ரூமில். அங்கெல்லாம் இல்லையென்றால் கதவைத் திறந்துகொண்டு படியில் இறங்குகிறாள். மூன்றாவது மாடியிலிருந்து, இந்தக் காலோடு. நேற்று கீழ்வீட்டு பூவம்மா அக்காதான் பாதிப் படியில் பார்த்துத் தூக்கி வந்தார். "எயிலு, கொயந்த எந்நேரமும் கதவாண்டயே நின்னுகினு கீதும்மா. இன்னா ஏதுன்னு பாரு" என்றார். நான் என்னத்தைப் பார்ப்பது?

உங்கள் கப்பலில் புதிதாக ஏறுகிறவர்களிடம் கடிதம் கொடுத்தனுப்ப மண்ணடி ஏஜென்ட் ஆபீஸ் திருமலை ஒத்துக்கொண்டார். நீங்களும் ஊர் திரும்புகிறவர்களிடம் கொடுத்துவிடுங்கள். பொங்கலுக்கு உங்கள் பேரைச் சொல்லி அவளுக்குப் பச்சைப் பாவாடை எடுத்திருக்கிறேன்.

அன்புடன்,
எழில்மொழி


டர்பன் துறைமுகம்,
9.2.2025

என் எழிலுக்கு,

வல்லரசு எழுதுவது. கடிதம் கிடைத்தது. உடம்புக்கு ஒன்றுமில்லை, சோறுதான் இறங்கவில்லை. புதிய சமையல்காரர் எதைச் செய்தாலும் சர்க்கரை போடுகிறார். குரல்கூடக் கேட்கக்கூடாது என்கிறாய். சரி, பிள்ளைக்காகப் பொறுத்துக்கொள்கிறேன்.

ஒன்று மனதில் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். கோபப்படாதே. ஏற்காட்டுக்குப் போனது எதற்கு? மூன்று பேரும் சேர்ந்து இருக்கத்தானே? பத்து மாதம் கடலில் கிடந்தவன் பிள்ளையோடு ஊர் சுற்ற வந்தால், அந்தப் பிள்ளையை ஹோட்டலில் பிள்ளை பார்க்கிற யாரோ ஒரு பெண்ணிடம் விட்டுவிட்டுப் படகில் போவார்களா? கிளம்பும் முன் என் அக்கா கேட்டது இன்னும் காதிலேயே நிற்கிறது. "லீவுல போயி புள்ளைய ஊர் பேர் தெரியாதவகிட்ட வுட்டுட்டுப் போனீங்களே, அறிவு கீதா உங்களுக்கு?" என்றது.

அவளையும் படகில் ஏற்றிக்கொள்வோம் என்றுதான் நான் சொன்னேன். நீதான் மூன்று மணி நேரம், மூன்றே மணி நேரம் என்றாய். தினம் அதையே நினைத்துக்கொண்டு இருக்கிறேன். வேறென்ன எழுத? அவளுக்கு முத்தம் கொடு. நான் கொடுத்தேன் என்று சொல்லாதே.

உன்,
வல்லரசு


புளியந்தோப்பு,
2.3.2025

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் பால்வாடியில், பிள்ளைகள் தூங்கும் நேரத்தில் படித்தேன். சத்தம் போட்டு அழக்கூட வழியில்லை.

ஆமாம், நான்தான் கேட்டேன். தினம் இருபத்திரண்டு பிள்ளைகளுக்கு மூக்கு துடைத்து, சோறு ஊட்டி, கால் கழுவிவிட்டு வீட்டுக்கு வந்தால் ரமா. பத்து மாதமும் அவளுக்கு நான் ஒருத்திதான். யாரும் என்னைக் கூப்பிடாத மூன்று மணி நேரம் எனக்கு வேண்டியிருந்தது. உங்களோடு தனியாக உட்கார்ந்து பேச ஆசையாக இருந்தது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. இந்தக் குடியிருப்பில் பாதிப் பெண்கள் என்னை நம்பிப் பிள்ளையை விட்டுவிட்டுத்தான் வேலைக்குப் போகிறார்கள். ஒருத்தியையும் நான் தப்பாக நினைத்ததில்லை. லீவு என்றால் மட்டும் பெற்றவளுக்குக் கை வலிக்காதா? உங்கள் அக்கா அறிவு இருக்கிறதா என்று கேட்டது என்னைத்தான். படகில் நீங்களும் இருந்தீர்கள் மாமா, என் கையைப் பிடித்துக்கொண்டு.

விட்டது தப்பில்லை. விட்ட விதம் தப்பு. அது எனக்கே போன வாரம்தான் தெரிந்தது.

இப்போதெல்லாம் ரமாவைப் பால்வாடிக்கு என்னோடுதான் கூட்டிப்போகிறேன். அங்கே ஒரு பொம்மையை மூலையில் உட்காரவைத்தாள். வாயில் மிட்டாயை வைத்து அழுத்தினாள். அதன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பினாள். "இன்னாடி பண்றே?" என்றேன். "இதோட அப்பா கப்பலுக்குப் போறாரு. இது பாக்கக்கூடாது" என்றாள்.

நீங்கள் கிளம்பும் ஒவ்வொரு தடவையும் நாம் செய்வது அதுதானே? பெட்டி தூக்குவதைப் பார்த்தால் அழுவாள் என்று பூவம்மா அக்கா வீட்டுக்கு அனுப்பிவிடுவோம். அவர் மிட்டாய் கொடுத்து டிவி பக்கம் திருப்பி வைப்பார். திரும்பி வந்தால் பெட்டியும் இருக்காது, அப்பாவும் இருக்கமாட்டார். ஏற்காட்டில் அந்த ஹோட்டல் மிஸ் சாக்லேட் கொடுத்தாள். விளையாட்டுச் சாமான் பக்கம் திருப்பினாள். அழுவாளே என்று நாம் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சொல்லாமல் நழுவினோம்.

"அன்னிக்கு ஏன்டி வெளிய போனே?" என்று இப்போதுதான் கேட்டேன். "அப்பா பூட்டாருன்னு நெனச்சேன். தண்ணியாண்ட போனா கப்பல் நிக்கும்ல" என்றாள். உங்களைத் தேடித்தான் மாமா, பின்கதவு வழியாக, அந்த மழையில், பனிமூட்டத்தில் ஏரிக்குக் கிளம்பியிருக்கிறாள். சரிவில் விழுந்து, காப்பிச் செடிக்குள் கால் உடைந்து கிடந்தபோதும் உங்களைத்தான் கூப்பிட்டிருக்கிறாள்.

அதையாவது தெரியாமல் செய்தோம். அதற்கப்புறம் பதினெட்டே நாளில், மாவுக்கட்டோடு இருந்தவளை மறுபடியும் பூவம்மா அக்கா வீட்டில் படுக்கவைத்துவிட்டுக் கிளம்பினீர்களே. நானும் பெட்டியின் மறுபக்கத்தைப் பிடித்துப் படியிறங்கினேனே. அதை நினைத்தால் என்னையே எனக்குப் பிடிக்கவில்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். செப்டம்பரில் காண்டிராக்ட் முடிந்ததும் ஒரேயடியாக வந்துவிடுங்கள். எண்ணூர்ப் பக்கம் ஒரு ஃபிட்டர் வேலை கிடைக்காமலா போய்விடும்? அவள் பார்க்கக் காலையில் போங்கள். அவள் பார்க்கச் சாயங்காலம் வாருங்கள். போகிற அப்பா திரும்பியும் வருவார் என்று அவள் நம்ப வேண்டும்.

உங்கள்,
எழில்


சாந்தோஸ் துறைமுகம்,
6.4.2025

என் எழிலுக்கு,

உன் கடிதத்தைப் பம்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படித்தேன். அங்கே யார் அழுதாலும் வெளியே கேட்காது. குறை சொல்லி எழுதியதற்கு என்னை மன்னித்துவிடு. அக்கா கேட்டபோது எனக்கும் அந்த மூன்று மணி நேரம் வேண்டியிருந்தது என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வாய் வராமல் உன் தலையில் கட்டிவிட்டேன்.

என் அப்பாவும் சரக்குக் கப்பலில் போனவர்தான், உனக்குத் தெரியும். அவர் கிளம்பும் நாளில் என்னை பன் வாங்கி வரச் சொல்லிக் கடைக்கு அனுப்புவார்கள். பன்னோடு ஓடி வந்தால் அவர் இருக்கமாட்டார். அது பிள்ளைக்குச் செய்கிற நல்லது என்றே இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். அதையே ரமாவுக்கும் செய்தேன்.

செப்டம்பரில் வருகிறேன் எழில். இனிமேல் கப்பல் இல்லை. இது சத்தியம். அவளிடமும் சொல்லு. அப்பா வந்தால் இனிப் போகமாட்டார் என்று சொல்லு.

உன்,
வல்லரசு


புளியந்தோப்பு,
29.6.2025

மாமாவுக்கு,

சாந்தோஸிலிருந்து நீங்கள் எழுதியதை எத்தனை தடவை படித்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. நீங்கள் சொன்னபடி ரமாவிடம் சொன்னேன். இரண்டு மாதமாகத் தினமும் சொன்னேன். அவளும் பால்வாடி வராந்தாவில் சாயாமல் நடந்து பழகினாள். அப்பா வந்தால் காட்ட வேண்டுமாம். எண்ணூரில் வேலைக்கு ஆள் எடுக்கும் ஒருவரைக்கூட விசாரித்து வைத்திருந்தேன்.

நேற்று உங்களுக்கு எழுதிய கடிதத்தோடு மண்ணடிக்குப் போனேன். திருமலை பேச்சுவாக்கில், "உங்க வூட்டுக்காரரு இன்னும் ஒன்பது மாசம் கேட்டு வாங்கிக்கினாரேம்மா, உங்களாண்ட சொன்னாருல்ல?" என்றார். சொன்னார் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். கொண்டுபோன கடிதத்தைக் கொடுக்கவில்லை. பஸ் ஏறத் தோன்றாமல் ராயபுரம் பாலம் வரைக்கும் நடந்தேன்.

மாமா, கேட்டு வாங்கினாரேம்மா என்றார் திருமலை. கப்பல்காரன் பிடித்து வைத்திருந்தால் நான் காத்திருப்பேன்.

சொல்லாமல் விட்டுப்போனதால் வந்த வினை இதெல்லாம். இன்னொரு தடவை அவளை ஏமாற்ற என்னால் முடியாது. வீட்டுக்கு வந்து அவளை மடியில் உட்காரவைத்து, முகத்தைப் பார்த்துச் சொன்னேன். "ரமா, அப்பா வரமாட்டாரு." அழுவாள் என்று கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அவள் அழவில்லை.

"அப்போ இனிமே போவவும் மாட்டாரா?" என்று கேட்டாள்.

பதில் சொல்லாமல் தலையைத் தடவிக்கொண்டே இருந்தேன். அவள் இறங்கிப் போய்த் தட்டை எடுத்து வந்து பசிக்கிறது என்றாள். நவம்பரில் கால் உடைந்ததற்கு அப்புறம் அவள் தானாகச் சோறு கேட்டது அதுதான் முதல் தடவை.

உங்கள்மேல் ஆசை விட்டுப்போய் எழுதவில்லை. உங்கள் தலையணையை இன்னும் உறை மாற்றாமல்தான் வைத்திருக்கிறேன். ஆனால் இரண்டு மாதம் இருந்துவிட்டுப் போக வர வேண்டாம். இருப்பதற்கென்றால் வாருங்கள், நாளைக்கே வாருங்கள். இல்லையென்றால் எங்களை விட்டுவிடுங்கள்.

எழில்மொழி


சிங்கப்பூர்,
10.8.2025

எழில்,

கேட்டு வாங்கியது உண்மைதான். ஏப்ரலில் எழுதியபோது பொய் எழுதவில்லை. வருவதாகத்தான் இருந்தேன். அதற்கப்புறம் அவள் சாய்ந்து சாய்ந்து என்னை நோக்கி நடந்து வருவதை நினைத்துப் பார்த்தேன். என்னைத் தேடிப் போய் உடைந்த கால். அதைத் தினமும் பார்த்துக்கொண்டு அந்த வீட்டில் உட்கார எனக்குத் தைரியம் வரவில்லை. வேண்டாம், இறக்கிவிடுங்கள் என்று சொல்ல இரண்டு தடவை கேப்டன் அறை வாசல் வரை போனேன். கதவைத் தட்டாமல் திரும்பிவிட்டேன். இருக்க வா என்கிறாய். நான் எப்படிப்பட்டவன் என்று இப்போது எனக்குத் தெரிந்துவிட்டது. வந்தால் மறுபடியும் நழுவிவிடுவேன்.

என் துணிமணிகளை அக்கா வீட்டுக்குக் கொடுத்துவிடு.

பிள்ளை கேட்டதற்கு நீ பதில் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறாய். அவளைக் காக்க வைக்காதே. போகமாட்டார் என்று சொல்லிவிடு.

வல்லரசு